மூப்பர் கை கழுவிய ஆறு

சித்தப்பாவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் ஜீவநதியைப் பற்றிப் பிரசங்கம் நடந்தது. சிங்காசனத்தின் அடியிலிருந்து பளிங்கு போலப் புறப்பட்டு வரும் ஆறு, அதன் இரு கரையிலும் மாதந்தோறும் கனி கொடுக்கும் மரம், இனி சாபமே இல்லாத நகரம் என்று போதகர் சொல்லிக்கொண்டே போனார். சித்திரை வெயில். அவருக்குக் குடை பிடித்தபடி நின்றவர் எங்கள் சபையின் மூப்பர். என் சின்னம்மா குழியின் ஓரத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு என்ற சொல் வரும்போதெல்லாம் மூப்பர் ஆமென் என்றார். அப்படி ஒரு ஆமெனுக்குச் சின்னம்மா முக்காட்டை விலக்கி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். வீங்கிய முகம்தான். ஆனால் அழுகை நின்றுபோயிருந்தது. அந்தப் பார்வையை நான் கண்டேன். மூப்பரும் கண்டார். குடை ஒரு பக்கமாகச் சாய்ந்து போதகரின் தலையில் வெயில் விழுந்தது.

மூப்பரை ‘அவர்’ என்று எழுதுவது பழக்கத்தால்தான். மரியாதை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கோயம்புத்தூருக்குக் கிழக்கே நொய்யல் கரையை ஒட்டிய சிறிய ஊர் அது. கறுப்பு மண், பருத்தியும் சோளமும் விளையும். ஐம்பதுகளின் நடுவில், ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு அந்த ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கேதான் என் அம்மாவின் தங்கையைக் கட்டிக்கொடுத்திருந்தது என்பதால் அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். சின்னம்மாவுக்குப் பிள்ளை இல்லை. சித்தப்பா அதிகம் பேசாத மனிதர். மேடான ஒரு துண்டு நிலமும் அதில் ஒரு கிணறும் அவருக்கு இருந்தன. நிலம் சுமார்தான், கிணறு அப்படியல்ல. எந்தப் பஞ்சத்திலும் அதன் தென்கிழக்கு மூலையில் ஊற்று ஒன்று கசிந்துகொண்டே இருக்கும். சாயங்காலம் கிணற்று மேட்டில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்பது அவருக்குப் பிடித்தமான வேலை.

வரப்புக்கு அந்தப் பக்கம் மூப்பரின் தோட்டம். மூப்பர் என்றால் எங்கள் சபைகளில் கோயில் காரியங்களை முன்நின்று நடத்தும் பெரியவர். ஊரில் பருத்தியைக் கொட்டை நீக்கிப் பஞ்சாக்கும் பேக்டரி அவருடையது. சபையில் பாதிப்பேர் அங்கே வேலை பார்த்தார்கள், மீதிப்பேர் அவர் தோட்டத்தில். கோயிலுக்கு ஓடு போட்டுக் கொடுத்ததும் அவர்தான். அதனால் ஆராதனையில் அவருக்குத் தனி நாற்காலி இருந்தது. பலிபீடத்துக்குப் பக்கத்தில், சபையைப் பார்த்தபடி போட்டிருக்கும்.

மழை பொய்த்த ஒரு வருடம் அவருடைய பெரிய கிணறு வற்றியது. சித்தப்பா தானாகவே போய், வாரத்தில் சில நாள் எங்கள் கிணற்றிலிருந்து இறைத்துக்கொள்ளச் சொன்னார். மூப்பர் நன்றி சொன்னார். கொஞ்ச நாளில் அவர் கிணற்றுக்குள் ஆட்கள் இறங்கி, பக்கச் சுவரில் குறுக்காகத் துளை போட ஆரம்பித்தார்கள். சைடு போர் என்பார்கள். எந்தத் திசையில் போடுகிறார்கள் என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது. மாசி கடைசியில் எங்கள் ஊற்றின் சத்தம் நின்றது. பங்குனியில் மூப்பர் தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. அந்த வாய்க்கால் எங்கள் வீட்டு வாசலைத் தொட்டபடி போனது. சித்தப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒருநாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மூப்பர் வீட்டுக்குப் போய்க் கேட்டார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வந்ததும், “நாளைக்கு உள்ளே எறங்கித் தூர் எடுத்துப் பாக்கறேன். நம்ம ஊத்து எந்தப் பக்கம் போவுதுன்னு தெரிஞ்சுபோகும்” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அவர் கிணற்றுக்குள் இருந்தபோதுதான் மூப்பர் கிணற்றில் பாறைக்கு வேட்டு வைத்தார்கள். வேட்டு வைக்கும் முன் அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கு ஆள் அனுப்பி, உள்ளே இருப்பவர்களை மேலே ஏறச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். அன்று யாரும் வரவில்லை. பள்ளிக்கூடத்தின் ஓடு அதிர்ந்து என் மேசைமேல் தூசி கொட்டியது. பிள்ளைகள் “வேட்டு, வேட்டு” என்று சிரித்தார்கள். வீட்டில் சின்னம்மாவின் அடுக்கில் இருந்த பாத்திரமெல்லாம் ஆடியிருக்கிறது. அவள் கையில் மாவோடு ஓடினாள். கிணற்றின் ஒரு பக்கச் சுவர் அப்படியே உள்ளே இறங்கிக் கிடந்தது.

போலீஸ் வந்தது. அன்றைக்கு வேட்டே வைக்கவில்லை, பழைய கிணறு, தானாகச் சரிந்துவிட்டது என்றார் மூப்பர். வெட்டுவேலைக்குப் பொறுப்பாக இருந்த மேஸ்திரியும் எங்கள் சபைக்காரர்தான். கோயிலிலிருந்து வேதப்புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதன்மேல் கை வைத்து, “அன்னிக்கு வேட்டு வெக்குலீங்க” என்றார். சுற்றி நின்ற அத்தனை பேர் காதிலும் அந்த வேட்டு விழுந்திருந்தது. அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். நான் முன்னால் போய், பள்ளிக்கூடமே அதிர்ந்தது என்றேன். வந்திருந்த போலீஸ்காரர், “சித்திரை மாசத்து இடிக்கும் வேட்டுக்கும் வித்தியாசம் தெரியுமாம்மா ஒனக்கு?” என்று கேட்டார். யாரோ பின்னால் லேசாகச் சிரித்தார்கள். காரியம் அத்தோடு முடிந்தது.

எங்கள் ஊருக்குப் போதகர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஆராதனை நடத்துவார். அவருக்குக் கண்ணில் புரை. அதனால் வேதபாடம் வாசிக்கிற வேலை பல வருடங்களாகச் சின்னம்மாவுடையது. போர்டிங் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அட்சர சுத்தமாக வாசிப்பாள். எந்தப் பகுதியை வாசிப்பது என்பதையும் உபதேசியார் அவளிடமே விட்டிருந்தார். சித்தப்பா போன பிறகு சில வாரம் அவள் கோயிலுக்கு வரவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ராகி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “ஏங்கண்ணு, வேதத்துல தண்ணி எங்கெங்க வருதோ அதெல்லாம் எனக்கு எடுத்துக் குடு” என்றாள்.

ஆறுதலுக்காகத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். சமாரியப் பெண்ணுக்குக் கிணற்றோரம் சொல்லப்பட்ட உயிருள்ள தண்ணீரை எடுத்துக் காட்டினேன். தாகமாயிருக்கிறவர்கள் வரலாம் என்ற அழைப்பைக் காட்டினேன். “இதெல்லாம் ஐயரு சொல்லுவாரு. மத்ததை எடு” என்றாள். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம்.

மற்றதைத் தேடப் போனபோதுதான், நான் பிறந்ததிலிருந்து கேட்ட பிரசங்கங்கள் எல்லாம் வேதத்துத் தண்ணீரின் ஒரு கரையில் மட்டுமே நின்றவை என்பது எனக்குத் தெரிந்தது. பேழையைத் தூக்கிச் சுமந்த வெள்ளம்தான் மற்ற எல்லாரையும் மூடியது. அடிமைகளுக்கு வழிவிட்ட கடல்தான், அவர்கள் கரையேறியதும் பார்வோனின் குதிரைகளையும் தேர்களையும் விழுங்கியது. நைல் ஆறு ஒரு ஜனத்தின் குழந்தைகள் வீசப்பட்ட இடம். பிறகு அதே ஆறு இரத்தமாகி, வீசியவர்கள் குடிக்க முடியாமல் கரையில் குழி தோண்டினார்கள். ஆலயத்தின் வாசற்படியிலிருந்து ஓடி வந்து போகிற இடமெல்லாம் உயிர் கொடுத்த ஆறு, சேற்றுப் பள்ளங்களை மட்டும் உப்பாகவே விட்டுவிட்டுப் போனது. ஓடுகிற தண்ணீர் எல்லாரையும் ஒன்றுபோலக் கழுவிவிடும் என்று யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று அது பார்த்துத்தான் ஓடுகிறது. எனக்கு அந்த வயதில் அதைப் படிக்கப் படிக்க உடம்பில் ஒரு சூடு ஏறியது. சந்தோஷம் என்றே சொல்லிவிடலாம்.

முதல் ஞாயிறு அவள் வாசித்தது ஈசாக்கின் கிணறுகளைப் பற்றி. அவன் தகப்பன் வெட்டிய கிணறுகளைப் பகைவர்கள் மண் போட்டுத் தூர்த்ததும், அவன் ஆட்கள் தோண்டி ஊற்று கண்டதும், அந்த ஊர் மேய்ப்பர்கள் வந்து இந்தத் தண்ணீர் எங்களுடையது என்று சண்டை போட்டதும். குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவில்லை. மூப்பர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு ஆமென் என்றார். அடுத்த வாரம் நைல் ஆறு. அதற்கடுத்து, வெள்ளம் கழுத்துவரை வந்துவிட்டது, நிற்க இடமில்லாத உளைச் சேற்றில் அமிழ்கிறேன் என்று ஒருவன் கதறும் சங்கீதம். அன்று பெண்கள் பக்கத்தில் யாரோ விசும்பினார்கள். அப்போதுதான் சபைக்குப் புரிய ஆரம்பித்தது. மூப்பரின் நாற்காலி சபையைப் பார்த்துப் போட்டிருந்ததால் அவர் முகத்தை எல்லாரும் பார்க்க முடிந்தது. இத்தனை வருடம் அவருக்குக் கௌரவமாக இருந்த இடம் அது. வேதம் வாசிக்கும்போது நடுவில் எழுந்து போக முடியாது. ஆமென் என்ற சத்தம் தேய்ந்து தேய்ந்து, ஒருநாள் நின்றே போனது. ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் கோயிலுக்குள் நுழைந்தபோது நாற்காலியை ஜன்னல் ஓரமாக, பக்கவாட்டில் திருப்பிப் போட்டிருந்தார்கள். சின்னம்மா என் கையை மெதுவாகக் கிள்ளினாள்.

ஐயரிடம் புகார் போனது. அவர் வீட்டுக்கே வந்து, காப்பி குடித்து, சுற்றி வளைத்து, சமாதானமான பகுதிகளாக வாசித்தால் சபைக்கு நல்லதல்லவா என்றார். சின்னம்மா புத்தகத்தை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

“எந்தப் பக்கம் வேண்டாமுன்னு சொல்லுங்க ஐயரே. கிழிச்சுப் போட்டர்றேன்.”

ஐயர் மிச்சக் காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார்.

பிறகு மூப்பரின் மனைவி வந்தார். நல்ல பெண்மணி, அதை மறுக்க மாட்டேன். வாசலிலேயே நின்றுகொண்டு, “அம்மணி, அந்தத் தொளையை அடைச்சுப்போடச் சொல்றேன். உங்க தண்ணி உங்களுக்கே வந்துரும். ஊட்டுல அவரு ராத்திரி தூங்கறதில்ல. இதோட உட்டுரு கண்ணு” என்றார்.

“தண்ணிக்காகவா படிக்கறேன், அக்கா?” என்று கேட்டாள் சின்னம்மா. கோபமே இல்லை அந்தக் குரலில். “அவருக்குத் தூக்கம் வல்லீன்னா, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு வெளிய சொல்லச் சொல்லுங்க. சொன்னா வந்துரும்.”

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். எங்கள் வாசலைத் தொட்டு ஓடிய அந்த வாய்க்காலில் சின்னம்மா ஒருநாளும் கை நனைத்ததில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு ஊருக்கு அந்தக் கோடிவரை நடந்து போய் எடுத்து வருவாள். நானும் அப்படியே செய்தேன்.

இந்த வாசிப்பு ஒரு வருடத்துக்கு மேல் போனது. ஊர் பழகிவிட்டது. அதுதான் ஆபத்து. எதுவும் பழகிவிட்டால் உறைக்காது. மூப்பர்கூட மெல்ல மெல்ல நிமிர்ந்து உட்கார ஆரம்பித்தார். சின்னம்மா சோர்ந்துபோனாள். சாப்பாட்டைப் பிசைந்தபடி, “இத்தனை தண்ணியும் வந்து போச்சு. ஒருத்தனும் வாய் திறக்குல” என்றாள்.

அந்த நாட்களில்தான் பள்ளிக்கூடம் விட்டு வந்து புரட்டிக்கொண்டிருந்தபோது மோசேயின் சட்டங்களுக்கு நடுவில் ஒன்று என் கண்ணில் பட்டது. வயல்வெளியில் ஒருவன் கொலையுண்டு கிடக்கிறான், கொன்றவன் யாரென்று தெரியவில்லை. அப்போது பக்கத்து ஊர் எது என்று அளந்து பார்க்க வேண்டும். அந்த ஊர் மூப்பர்கள் நுகம் பூட்டாத ஒரு கிடாரியை உழாத, விதைக்காத பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய் வெட்டி, அதன்மேல் கை கழுவி, எங்கள் கைகள் இந்த இரத்தத்தைச் சிந்தவில்லை, எங்கள் கண்கள் அதைக் காணவும் இல்லை என்று சொல்ல வேண்டும்.

நான் சத்தமாக வாசித்தேன். “மூப்பருன்னே போட்டிருக்குதா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மறுபடி வாசிக்கச் சொன்னாள். பிறகு, “பள்ளத்தாக்குல கை கழுவத் தண்ணி எங்கிருந்து வந்துச்சாம்?” என்றாள். அது எனக்குத் தெரியவில்லை. அடுத்த மாதம் ஐயர் வந்தபோது ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டேன். இப்படிப்பட்ட கேள்வி கேட்க ஆள் கிடைத்ததில் அவருக்கு மகிழ்ச்சி. மூல மொழியில் பார்த்தால் அது வற்றாமல் ஓடும் ஓடையுள்ள பள்ளத்தாக்கு என்றும் பொருள்படும் என்றார். தேங்கிய தண்ணீர் ஆகாது, ஓடுகிற தண்ணீர்தான் வேண்டும் என்று விளக்கினார். அந்த மொழியில் ஓடுகிற தண்ணீருக்கும் உயிருள்ள தண்ணீருக்கும் ஒரே பெயர்தான் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து சின்னம்மாவிடம் சொன்னேன்.

“உசுரிருந்தா அதுக்குக் கண்ணு காது எல்லாம் இருக்குமில்ல” என்றாள். சித்தப்பா இறந்த பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் நொய்யல் ஓடுகிற ஆறு அல்ல. வருடத்தில் பாதிக்கு மேல் மணல். மேற்கே மலையில் நல்ல மழை பெய்தால்தான் எங்கள் ஊர்வரை தண்ணீர் வரும். சின்னம்மா காத்திருந்தாள். அந்த வருடம் மழை இல்லை. அடுத்த வருடமும் வெறும் தூறல்தான். அந்தக் காலம் முழுவதும் அவள் கோயிலில் இனிமையான பகுதிகளையே வாசித்தாள். காட்டுப் புஷ்பங்கள், காணாமற்போன ஆடு, கானாவூர்க் கல்யாணம். ஐயர் மகிழ்ந்தார். நாற்காலி மறுபடி பழைய இடத்துக்கு வந்து சபையைப் பார்த்தது. ஒரு ஞாயிறு கோயில் வாசலில் மூப்பர் அவளை நிறுத்தி, எல்லாரும் கேட்க, “மனசு ஆறிப்போச்சாட்ட இருக்குது அம்மணி. நல்லது, நல்லது” என்றார்.

“ஆறு வந்தா ஆறிருமுங்க” என்றாள் சின்னம்மா.

அவர் அதை ஏதோ பணிவான பதில் என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

அறுபதுகள் பிறந்த பிறகு ஒரு ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. ஆறு கரை தொட்டு வந்தது. செந்நிறமாக, வேரோடு பிடுங்கிய மூங்கில்களைச் சுமந்துகொண்டு வந்து, சில நாளில் வடிந்து தெளிந்தது. அந்தச் சமயத்தில் சில குடும்பங்கள் சபையில் சேர இருந்தன. ஆற்றில் தண்ணீர் இருக்கும்போதே ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்று ஐயர் வந்து சேர்ந்தார். ஞாயிறு காலை சபை முழுவதும் ஆற்றுக்குப் போனது. வெள்ளைத் துணி உடுத்தியவர்கள் கரையில் வரிசையாக நின்றார்கள். மூப்பருக்கு மணலில் நாற்காலி போட்டிருந்தது. யோர்தான் நதியைப் பற்றி வாசிக்கும்படி ஐயர் சின்னம்மாவிடம் சொன்னார்.

சின்னம்மா புத்தகத்தைத் திறந்து, கொலையுண்டவனைப் பற்றிய சட்டத்தை வாசித்தாள். ஆற்றுச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதால் அன்று மட்டும் குரலை உயர்த்தினாள். முடித்ததும் புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்தாள்.

“நம்ம சபையில ஒருத்தர் தோட்டத்துல செத்துக் கெடந்தாருங்க. ஆரு காரணம்னு தெரியாமயே போச்சு. கிடாரி ஒண்ணும் வேண்டாமுங்க. இன்னிக்கு ஆறு ஓடுது. மூப்பரு மொதல்ல எறங்கிக் கை கழுவட்டுங்க. அப்பறம் அன்னிக்குக் கூட இருந்தவிய கழுவட்டும்.”

ஐயர் பதறினார். அது பழைய ஏற்பாட்டுச் சட்டம், நமக்குப் பொருந்தாது என்று ஆரம்பித்தார். மூப்பர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். “இருக்கட்டுங்க ஐயரே. அந்த அம்மணிக்கு மனசு சமாதானமாகுமின்னா செஞ்சுபோடலாம்” என்று செருப்பைக் கழற்றி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கினார். குனிந்து இரண்டு கையையும் நிதானமாகக் கழுவினார். நிமிர்ந்து சின்னம்மாவை நேராகப் பார்த்துச் சொன்னார்.

“என்ற கை அந்த ரத்தத்தைச் சிந்துல. என்ற கண்ணு அதைப் பாக்குல.”

ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. தண்ணீர் அவர் காலைச் சுற்றிக்கொண்டு பேசாமல் போய்க்கொண்டிருந்தது. எனக்கு எல்லாம் கைவிட்டுப் போனதாகத் தோன்றியது. இத்தனை வருடம் காத்திருந்து கடைசியில் அவருக்கு ஒரு நற்சாட்சிப் பத்திரத்தை நாங்களே கொடுத்துவிட்டோம். சின்னம்மாவைப் பார்த்தேன். அவள் மூப்பரைப் பார்க்கவே இல்லை. அவருக்குப் பின்னால் கரையில் நின்ற மேஸ்திரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க வாங்கண்ணா” என்றாள்.

மேஸ்திரி இறங்கினார். அவர் நெடுநாளாக மெலிந்துகொண்டே வந்த மனிதர். வேதப்புத்தகத்தில் கை வைத்த நாளிலிருந்து, கோயிலில் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் இராப்போஜனத்துக்கு அவர் முன்னால் வந்து முழந்தாளிட்டதில்லை என்பதை நாங்கள் எல்லாரும் கவனித்திருந்தோம், யாரும் பேசியதில்லை. அவர் கையைத் தண்ணீருக்குள் விட்டுக் கழுவினார். “என்ற கை அந்த ரத்தத்தைச் சிந்துலீங்க” என்றார். அது சுலபமாக வந்தது. பிறகு வாய் திறந்தபடியே நின்றது. கையை மறுபடி கழுவினார். மறுபடி ஆரம்பித்தார். “என்ற கண்ணு...” அதற்குமேல் வரவில்லை. ஞானஸ்நானத்துக்கு நின்றவர்களில் ஒரு குழந்தை அழுதது. அதன் தாய் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“கண்டுதுங்க” என்றார் மேஸ்திரி. “என்ற கண்ணு கண்டுதுங்க. பக்கத்துக் கெணத்துல ஆளு எறங்கியிருக்காருங்க, ஏறச் சொல்லீட்டு வாரேன்னு நான் சொன்னனுங்க. வேண்டாம், சத்தங் கேட்டா அவனே ஏறி ஓடிருவான், அப்பறம் தண்ணியப் பத்தி வாய் தொறக்கமாட்டான்னாருங்க. நான் பத்த வெக்கமாட்டேன்னேனுங்க. தீப்பெட்டியப் புடுங்கி அவரே வெச்சாருங்க.”

அத்தனையும் சொல்லும்போது அவர் மூப்பரைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. ஓடுகிற தண்ணீரைப் பார்த்தே சொன்னார். மூப்பர் அவரிடமிருந்து எட்டி நின்றார். ஏதோ சொல்லப் போனவர் கரையில் நின்ற முகங்களைப் பார்த்தார். எல்லாருக்கும் முன்பே தெரிந்த விஷயம்தான் அது. ஆனால் இப்போது சொல்லியாகிவிட்டது. தரையைப் பார்த்து நின்றவர்கள் இன்று அவரைப் பார்த்து நின்றார்கள். அவர் தண்ணீரைவிட்டு ஏறி வந்தபோது துண்டை நீட்ட யாருக்கும் கை வரவில்லை. ஈர வேட்டியோடு, செருப்பை மறந்து, மணலில் தனியாக நடந்து போனார். அந்த நடையை நான் கண் இமைக்காமல் பார்த்தேன். அதைப்போல இனிப்பான ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

மேஸ்திரி போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய்ச் சொன்னார். காலம் கடந்துவிட்டது என்றார்கள், வேறு சாட்சி கேட்டார்கள். அங்கே ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் ஊரில்தான். பேக்டரிக்குப் போவதை ஆட்கள் ஒவ்வொருவராக நிறுத்தி, மில் வேலைக்குப் பீளமேட்டுப் பக்கம் போக ஆரம்பித்தார்கள். மூப்பர் பதவியை அவரே விட்டார். விடாவிட்டாலும் நாற்காலியை யாரும் எடுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். சைடு போரை யாரும் கேட்காமலே அடைத்தார். தை மாதத்தில் எங்கள் கிணற்றில் தண்ணீர் ஏறியது. அந்தச் செய்தியைக் கேட்டுச் சின்னம்மா கிணற்று மேட்டுக்குப் போனாள். எட்டிப் பார்த்தாள். இதைத் தேடித்தானே இறங்கினார் என்று சொல்லி, மேட்டில் உட்கார்ந்து உடம்பு குலுங்க அழுதாள். அடக்கத்தன்று பாதியில் நிறுத்திய அழுகையை அவள் அன்றுதான் அழுது முடித்தாள் என்று நினைக்கிறேன். அவளைத் தேற்றுகிற சொல் என்னிடம் இல்லை. வேதத்திலும் அன்று நான் தேடவில்லை.

சில வருடம் கழித்து மூப்பர் படுக்கையில் விழுந்தார். ஒரு மத்தியானம் அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். “ஒன்ற கொரலைக் கேக்கோணும்னு சொல்றாரு. வேதத்துல கொஞ்சம் படிக்கோணுமாம். மாட்டேன்னு சொல்லீராத அம்மணி” என்றார். சின்னம்மா மறுக்கவில்லை. முகம் கழுவி, வெள்ளைச் சேலை உடுத்தி, புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். நானும் கூடப் போனேன். வழியெல்லாம் எனக்கு ஒரே கலக்கம். மன்னித்துவிடப் போகிறாளோ என்றுதான் பயந்தேன்.

பெரிய வீடு. ஆள் அரவம் இல்லை. கட்டிலில் கிடந்தவருக்கு எலும்பும் கண்ணும்தான் மிச்சம். எங்களைக் கண்டதும் கையைக் கூப்பப் பார்த்தார், முடியவில்லை.

“அந்த மேய்ப்பன் சங்கீதம் படிங்க அம்மணி,” என்றார். “தண்ணிக்குப் பக்கத்துல கூட்டீட்டுப் போவாருன்னு வருமே. அது ஒண்ணுதான்.”

சின்னம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவசரமில்லாமல் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தாள். வரியின்மேல் விரலை வைத்தாள். அவர் கண்ணை மூடிக் காத்திருந்தார். வெளியே காக்கை கரைந்தது. அவள் வாசிக்கவில்லை. புத்தகத்தைத் திறந்தபடியே அவர் மனைவியின் மடியில் வைத்தாள்.

“இந்தப் பக்கந்தானுங்க அக்கா. நீங்க படிச்சுக் குடுங்க. அவருக்குப் படிக்க எனக்குச் சத்தம் வரமாட்டீங்குது.”

அந்த அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அது சின்னம்மாவுக்கும் தெரியும். அவள் எழுந்து, முந்தானையைச் சரிசெய்து, திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள். அந்த அம்மா புத்தகத்தைத் தூக்கி என் பக்கம் நீட்டினார்.

“டீச்சரம்மா, நீங்களாச்சும் கண்ணு.”

மூப்பர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எனக்கு அந்தச் சங்கீதம் புத்தகமே இல்லாமல் மனப்பாடம். நான் அவரை நன்றாக ஒருமுறை பார்த்தேன். பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு, தெருவில் போய்க்கொண்டிருந்த சின்னம்மாவை எட்டிப் பிடித்தேன். என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்று சின்னம்மாவும் இல்லை. நான் ஓய்வுபெற்றுக் கோயம்புத்தூரில் இருக்கிறேன். எங்கள் சபையில் யார் இறந்தாலும் அந்தச் சங்கீதத்தை வாசிக்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். குரல் நன்றாக இருக்கிறதாம். யார் எப்படிப்பட்டவர் என்று விசாரிப்பதில்லை. எல்லாருக்கும் வாசிக்கிறேன், நிறுத்தி, பொறுமையாக, கடைசி வரிவரை. அவருக்கும் அன்று வாசித்திருக்கலாம் என்று எனக்கு இதுவரை ஒரு நாளும் தோன்றியதில்லை.